வண்ணக் கட்டைகள் வந்த வருஷம்

என் வயதை ஒத்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சுண்ணக்கட்டித் தூளைக் கழுவிக் கழுவி விரல் தோல் வெளுத்துப்போய், இப்போது ஓய்வூதியத்தில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோமே, நமக்கு. இளையவர்களிடம் சொன்னால் மரியாதைக்குக் கேட்பார்கள். பாதியில் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். நீங்கள் எடுக்கமாட்டீர்கள். உங்களுக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கே நேரம் ஆகும்.

எத்தனை முறை நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் கணக்கை இப்படித்தான் நடத்த வேண்டும் என்றார்கள், நினைவிருக்கிறதா? நான் பயிற்சி முடித்துப் பள்ளிக்கு வந்த புதிதில் ஒரு புதிய கலைத்திட்டம் வந்தது. பிள்ளைகளைக் குழுவாக உட்காரவை, வேகமாகப் போகிறவனுக்கு வளப்படுத்தல், பின்தங்கியவனுக்குக் குறைநீக்கல் என்றார்கள். மேசைகளை இழுத்து இழுத்துப் போட்டோம். பிறகு கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்து என்றார்கள். மடிக்கணினி கொடுத்தார்கள், சுவரில் படம் காட்டும் கருவி கொடுத்தார்கள். பின்னத்தை ‘ஃபிரேக்‌ஷன்’ என்று சொல்லி நாக்குப் பழகிய சமயத்தில், திரும்பவும் தமிழுக்கே போ என்றார்கள். அப்புறம், பெற்றோர் விரும்பினால் மறுபடியும் ஆங்கிலம். இடையில் உயர்நிலைச் சிந்தனை என்று ஒன்று வந்து, கூட்டல் கணக்குக்குக்கூட ஒரு பத்தி கதை எழுத வேண்டியிருந்தது. கடைசியில் நோய்க்காலத்தில் பிள்ளைகள் தபால்தலை அளவு முகங்களாகத் திரைக்குள் போய்விட்டார்கள். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஓய்வு பெற்றேன்.

எல்லாம் நல்லதுக்குத்தான் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வந்தது எதுவும் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து வரவில்லை. போனதும் அப்படிப் பார்த்துப் போகவில்லை. எனக்குள் இருக்கும் அலுப்பு இதுதான். இந்த அலுப்பு எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால், நான் ஆசிரியையாக ஆவதற்கு வெகுநாள் முன்னால், கோலாலம்பூர் செந்தூலில் மூன்றாம் வகுப்பு படித்த வருஷத்தில் போய் நிற்கிறது.

அப்போது நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். பக்கத்துக் கதவு சித்தப்பா வீடு. அவர் தண்டவாளக் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும். காலையில் பட்டறைச் சங்கு ஊதினால் இரண்டு வீட்டு அடுப்பிலும் ஒரே சமயத்தில் கோப்பித் தண்ணீர் கொதிக்கும். பழைய தண்டவாளக் கட்டைகளில் பூசியிருந்த கறுப்பு எண்ணெயின் வாசனை எங்கள் துணிமணியில், தலையணையில், சோற்றில்கூட இருந்தது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிகள். பார்க்கப் போகலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

சித்தப்பா மகள், எனக்குத் தங்கை, என்னைவிடச் சில மாதம் இளையவள். இருவரும் ஒரே வகுப்பு. அவளுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. ஒரு சொல்லின் முதல் எழுத்தில் போய் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைத்து, கண் மேலே ஏறி, பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். சித்தி அவள் நாக்கில் வசம்பு தேய்த்தாள், தேன் தடவினாள், பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். எதுவும் ஆகவில்லை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவள் “த... த...” என்று தொடங்கினாலே யாராவது ஒருவர் “தண்ணியா?” என்று முடித்துவிடுவார்கள். தண்ணீர் இல்லையென்றாலும் அவள் தலையாட்டிவிடுவாள். வேண்டாத தண்ணீரை அவள் எத்தனை தடவை குடித்திருப்பாளோ.

எங்கள் பள்ளியில் அன்றைக்குக் கணக்கு என்றால் வாய்ப்பாடு. கூரை தகரம், சுவர் பாதி பலகை, மேலே கம்பி வலை. ஒரு வகுப்பில் வாய்ப்பாடு ஆரம்பித்தால் பள்ளி முழுக்கக் கேட்கும். “ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு.” நான் முன்னால் நின்று சொல்வேன், வகுப்பு பின்னால் சொல்லும். எனக்குக் கணீரென்ற குரல். அர்த்தம் எல்லாம் தெரியாது. பஜனைப் பாட்டைப் போல அது தன்னால் ஓடிவரும். மூவேழைத் தனியாகக் கேட்டால்கூட நான் ஓரேழிலிருந்து உள்ளுக்குள் ஓடித்தான் போய்ப் பிடிப்பேன். ஆனால் அது வெளியே தெரியாது.

கணக்கு வாத்தியார் ஒல்லியாக, வெள்ளைச் சட்டை கையை முழங்கைவரை மடித்துவிட்டு இருப்பார். கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். மேசைமேல் எப்போதும் ஒரு ரோத்தான் இருக்கும். பிரம்புதான், ஆனால் நாம் ரோத்தான் என்றுதானே சொல்வோம். ஓய்வு மணி அடிப்பதற்கு முன் ஒவ்வொருவராக எழுந்து ஒரு வாய்ப்பாடு சொல்ல வேண்டும். சொன்னவர்கள் வெளியே போகலாம். சொல்லாதவர்கள் பெஞ்சுமேல் நிற்க வேண்டும். என் தங்கை நின்றாள். அந்த வருஷத்தின் முதல் பாதி முழுக்க, வெளியே நாங்கள் ஐஸ் உருண்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, கம்பி வலை வழியாக அவள் தலை மட்டும் உயரமாகத் தெரியும். வாத்தியார் அவளை அதிகம் அடித்ததில்லை. அடித்துப் பயனில்லை என்று முடிவு செய்திருந்தார். “இதுக்கு மண்டையில ஏறல” என்று சொல்லிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். வாயில் வரவில்லை என்றால் மண்டையில் இல்லை என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். அதில் ஒருவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கும் அதுதான் தோன்றியது.

மாலையில் அப்பா வேலை விட்டு வந்து, கையில் எண்ணெய்க் கறையோடு படியில் உட்கார்ந்து பிஸ்கோத்தைக் கோப்பியில் நனைத்துத் தின்பார். அப்போது என்னைக் கூப்பிடுவார். யாராவது வந்திருந்தால் கட்டாயம் கூப்பிடுவார்.

“ஒம்பதாம் வாய்ப்பாடு சொல்லும்மா. மாமா கேக்கட்டும்.”

நான் சொல்வேன். வந்தவர் “அடேயப்பா, பெரிய டீச்சரா வருவா போல” என்பார். அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். பட்டறையில் வெள்ளைக்காரப் போர்மேன் ஒருவன் கணக்குத் தெரியாதவன் என்று அவரை நாலு பேர் முன்னால் திட்டியதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து வாய்ப்பாடு வரும்போதெல்லாம் அந்தப் போர்மேனுக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீட்டில் அந்த நேரத்தில் சத்தமே இருக்காது.

பள்ளி விடுமுறையில் வாத்தியார் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது பெட்டிகள் வந்தன. மூடியை இழுத்துத் திறக்கிற மரப்பெட்டிகள். உள்ளே வண்ணக் கட்டைகள். நம்மில் சிலர் பார்த்திருப்பீர்கள். மிகச் சின்னது வெள்ளை, சர்க்கரைக் கட்டி மாதிரி. அதைப் போல இரண்டு மடங்கு நீளம் சிவப்பு. அப்படியே நீண்டுகொண்டே போய், கடைசியில் பத்து வெள்ளையின் நீளத்துக்கு ஆரஞ்சு. புதுச் சாயமும் புது மரமும் கலந்த ஒரு வாசனை. பெட்டியைத் திறந்தவுடன் வகுப்பே ஒருமுறை மூச்சை இழுத்தது.

“இனிமே வாய்ப்பாடு கத்த வேணாம்” என்றார் வாத்தியார். அவருக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது போல, சன்னலைப் பார்த்துச் சொன்னார். “கட்டைய வச்சு நீங்களே கண்டுபிடிக்கணும். இதுதான் புதுக் கணக்கு.”

ரோத்தான் மேசையிலிருந்து அலமாரிக்குப் பின்னால் போனது. பக்கத்து வகுப்புகளில் வாய்ப்பாடு முழங்க, எங்கள் வகுப்பில் மட்டும் கட்டைகள் மேசையில் உரசும் சத்தம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விடை தெரியும், ஆனால் அதைக் கட்டையில் எப்படிச் சொல்வது? பையன்கள் ரயில் செய்து தள்ளினார்கள். நான் கொஞ்ச நாள் கோபுரம் கட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டேன்.

ஒருநாள் வாத்தியார் கேட்டார். “நாலு ஆறும் ஆறு நாலும் ஒண்ணா, வேற வேறயா?”

நான்தான் கையைத் தூக்கினேன். “ஒண்ணுதான் சார். ரெண்டும் இருபத்துநாலு.”

“ஏன் ஒண்ணு?”

“வாய்ப்பாட்டுல அப்படித்தான் சார் இருக்கு.”

“அது சரி. ஏன்?”

எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கணக்கில் அதுவரை யாரும் கேட்டதில்லை. யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் தானே செய்து காட்டலாம் என்று கரும்பச்சைக் கட்டைகளை எடுத்தார். அது ஆறு நீளம். நாலு கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார். அதற்கு மேல் என்ன செய்வது என்று பயிற்சியில் கொடுத்த தாளைத் தேடினார். தாள் கிடைக்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து என் தங்கை எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பெட்டியில் கைவிட்டு ஊதாக் கட்டைகளை எடுத்தாள். அது நாலு நீளம். பச்சைக் கட்டைகளின் மேல் அவற்றைக் குறுக்காக, ஒன்றையொன்று ஒட்டி வைத்துக்கொண்டே போனாள். ஆறாவது ஊதாவை வைத்ததும் பச்சை முழுவதும் மூடிவிட்டது. எந்தப் பக்கமும் நீட்டவில்லை, எங்கும் இடைவெளி இல்லை. கையை எடுத்துவிட்டு வாத்தியாரைப் பார்த்தாள்.

வாத்தியார் குனிந்து பார்த்தார். பச்சையையும் ஊதாவையும் ஒரு விரலால் வருடினார். பிறகு அவளிடம், “முன்னால வந்து உக்காரு” என்றார்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை நான் எப்படிச் சொல்வது? வீட்டில் அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். பள்ளிக்குப் போகிற பாதையில்தான் வித்தியாசம். முன்பெல்லாம் என் பின்னால் வருவாள். இப்போது முன்னால் நடந்தாள், சில சமயம் ஓடினாள். தண்டவாளத்தின் மேல் கையை விரித்துக்கொண்டு நடப்பாள். கட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற பொறுப்பு அவளுக்கு. ஓய்வு நேரத்தில் எங்களோடு வெளியே வந்தாள். ஐஸ் உருண்டைக்காரனிடம் எந்த நிறம் வேண்டும் என்று அவளே விரலால் காட்டினாள். அடுத்த தவணைத் தேர்வில் விடைகளை எழுதினால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் வகுப்பிலேயே முதல் அவள். நான் எங்கோ நடுவில்.

சித்தி அந்த மதிப்பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். சித்தப்பா அன்று கேட்டிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் பீசாங் கோரேங் வாங்கி வந்தார். சூடான வாழைப்பழப் பஜ்ஜியை அவள் நாக்குச் சுட்டுக்கொண்டு தின்றதைப் பலகைச் சுவரின் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் வேறு மாதிரி இருந்தது. அப்பா என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு கேட்டார்.

“ஏழெட்டு எவ்வளவு?”

ஓரேழிலிருந்து ஓடினேன். பாதி வழியில் பாதை விட்டுப் போயிருந்தது. பல மாதமாகச் சொல்லாத வாய்ப்பாடு. “அம்பத்து... நாலு?”

“ஸ்கூல்ல என்னாதான் பண்றீங்க?”

“கட்டை அடுக்குறோம்பா.”

அவ்வளவுதான். மறுநாள் முதல் பட்டறை கேண்டீனில் இதே பேச்சு. எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமார் பாதிப் பேர் பட்டறையில்தான் வேலை செய்தார்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் வாய்ப்பாடு வரவில்லை. மலாய்ப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் பிள்ளைகள் மனக்கணக்கில் பறக்கிறார்கள், நம் பிள்ளைகள் மட்டும் மரக்கட்டை வைத்து விளையாடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, அது தீயாகப் பற்றிக்கொண்டது. ஒரு சனிக்கிழமை எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். தலைவர் என் அப்பா.

நானும் தங்கையும் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தோம். தலைமையாசிரியர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு. அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார்.

“சார், நாங்க படிக்காதவங்க. தப்பா இருந்தா மன்னிச்சிக்கங்க” என்று அப்பா ஆரம்பித்தார். “நாங்க தண்டவாளக் கட்டையில அடிபட்டது போதும். பிள்ளைங்களும் கட்டைய வச்சிக்கிட்டு நிக்கணுமா? கடைக்கு அனுப்பினா மிச்சம் கேட்டு வாங்கத் தெரியல. பெரிய பரீட்சையில கட்டையத் தூக்கிட்டுப் போக விடுவாங்களா? பிள்ளைங்களக் கெடுத்துடாதீங்க.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. என்னைப் பொறுத்தவரை எல்லாம் உண்மை.

தலைமையாசிரியர், “வேற யாருக்காவது வேற கருத்து இருக்கா?” என்று கேட்டார்.

பின்னால் நின்றிருந்த சித்தப்பா கையை லேசாகத் தூக்கினார். “இல்ல, என் மகளுக்கு இதுல...” என்றார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. அண்ணன் தம்பியைப் பார்க்கும் பார்வைதான். “தம்பி, நீ சும்மா இரு. நான் பேசிக்கிறேன்” என்றார். சித்தப்பா கையை இறக்கிக்கொண்டார். அவர்தான் அப்பாவை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர். அண்ணன் பேச்சுக்கு மேல் அவருக்குப் பேச்சு கிடையாது.

தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

திங்கட்கிழமை பெட்டிகள் அலமாரிக்குள் போயின. ரோத்தான் வெளியே வந்தது. “ஓரேழு ஏழு” என்று நான் முன்னால் நின்று சொல்ல, வகுப்பு பின்னால் சொன்னது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு வயது ஒன்பது. ஓய்வு மணிக்கு முன் எல்லோரும் எழுந்து சொல்ல வேண்டும் என்று வந்தபோது, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என் தங்கை எழுந்தாள். “ஓ...” என்றாள். “ஓ... ஓ...” கழுத்து நரம்பு புடைத்தது. வாத்தியார் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, நில்லு” என்றார். அன்றைக்கு அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும். அவள் பெஞ்சுமேல் ஏறினாள்.

அதன்பிறகு வயிற்றுவலி என்று சொல்லி அடிக்கடி பள்ளிக்கு வராமல் இருந்தாள். வந்தாலும் தேர்வுத் தாளில் எழுதமாட்டாள். பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்படியோ ஆறாம் வகுப்பு முடிந்தது. அப்போது எங்கள் வீட்டில் பேசி முடிவெடுத்தார்கள். “இடைநிலைப் பள்ளியில எல்லாம் மலாய்லதான் பேசணும். இவ தமிழ்லயே பேசமாட்டேங்கிறா. படிப்பு வராத பிள்ளைய ஏன் அடிச்சு அனுப்பணும்? தம்பிமார்களப் பாத்துக்கட்டும், தையல் கத்துக்கட்டும்” என்றார் அப்பா. அவள்மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னார். அவளுக்கும் சேர்த்துத் தீபாவளிக்குச் சட்டை வாங்குகிறவர் அவர். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். தங்கையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வருவதற்குள் யாராவது முடித்துவைத்திருப்பார்கள். பதினெட்டு வயதானதும் ஷா ஆலமில் ஒரு துணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். தொழிற்சாலை பஸ் விடியுமுன் குவார்ட்டர்ஸ் முனையில் வந்து நிற்கும். நான் அப்போது இடைநிலைப் பள்ளியின் கடைசி வருஷத்தில், தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நான் ஆசிரியை ஆனேன். புதிய கலைத்திட்டத்துக்கான பயிற்சிக்கு எங்களைக் கூட்டினார்களே, அங்கே பின் வரிசையில் அந்தக் கணக்கு வாத்தியாரைப் பார்த்தேன். தலை நரைத்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில் போய் வணக்கம் சொன்னேன். செந்தூல், வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை என்றதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“உன் கூட ஒரு பிள்ளை இருந்துச்சே, பேசாத பிள்ளை. என்னா பண்ணுது?”

“ஃபேக்டரியில வேலை செஞ்சா சார். இப்பத்தான் கல்யாணமாகிக் கிள்ளான்ல இருக்கா.”

அவர் கோப்பையில் தேநீரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “உண்மையச் சொல்லட்டுமாம்மா? அந்தக் கட்டை விஷயம் எனக்கே முழுசாப் புரியல. பயிற்சியில வேகமாச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பிள்ளை அடுக்குறதப் பாத்துத்தான் நான் அடுத்த நாள் பாடத்த நடத்துனேன்.”

“அப்ப அன்னிக்குக் கூட்டத்துல நீங்க ஏன் சார் ஒண்ணும் சொல்லல?”

“எனக்கு அப்ப வேலை நிரந்தரமாகல. ஊர் முழுக்கத் திரண்டு வந்து நிக்குது. ஒரு பிள்ளைக்கு நல்லா வருதுன்னு சொன்னா யாரு கேப்பா?” என்றார். மணி அடித்தது. உள்ளே போனோம். குழுவாக உட்காரவைப்பது எப்படி என்று காட்டினார்கள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் இதை அப்பாவிடம் சொன்னேன். குற்றம் சாட்டுவதற்காக இல்லை. வாத்தியாரைப் பார்த்தேன் என்று செய்தியாகத்தான் சொன்னேன். அப்பா வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, “நம்ம பாப்பாவையா சொன்னாரு?” என்றார். ஆமாம் என்றேன். திரும்ப வானொலியைப் போட்டார். அவர் அதை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இறந்தும் இப்போது பல வருஷம் ஆகிவிட்டது.

போன மாதம் கிள்ளானுக்குப் போயிருந்தேன். தங்கைக்குக் கண்ணில் அறுவை செய்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரவேற்பறையில் சாய்ந்திருந்தாள். அவள் கணவர் லோரி ஓட்டி ஓய்ந்தவர், வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திக்கல் இப்போது பாதி குறைந்திருக்கிறது. வயதானால் அவசரம் போய்விடுகிறது இல்லையா, அதுவாக இருக்கலாம். பேச்சு அப்பாவைப் பற்றிப் போனது. அவர் நல்லவர், கோபக்காரர் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“பெ... பெரியப்பா ஒரு தடவை இங்க வந்தாருக்கா” என்றாள். “தனியா. எனக்கு மூத்தவன் பொறந்த புதுசுல. பஸ் பிடிச்சு வந்தாரு.”

எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்காது.

“எதுக்கு வந்தாரு?”

“இந்த வாசல்லதான் உக்காந்தாரு. உள்ள வரமாட்டேன்னுட்டாரு. ‘அன்னைக்கு ஸ்கூல்ல நான் பேசுனது உனக்குக் கெடுதலாப் போச்சும்மா. உனக்குப் படிப்பு வராதுன்னு நெனச்சிட்டேன். மனசுல வச்சிக்காத’ன்னாரு.”

வாசலில் தண்ணீர்க் குழாய் நின்றது. அவள் கணவர் பின்பக்கம் போய்விட்டார்.

“நீ என்ன சொன்ன?”

“நான் சொல்ல வாயத் தெறந்தேன். எ... எ...ன்னு நிக்குது. அன்னிக்குன்னு பாத்து ரொம்ப மோசமா நிக்குது. அவரு என் தலையில கைய வச்சி, ‘விடும்மா, நீ சொல்ல வேணாம், உன் மனசு எனக்குத் தெரியும்’னு சொல்லிட்டு எழுந்துட்டாரு. கண்ணெல்லாம் தண்ணி. அப்படியே பஸ்ஸுக்குப் போயிட்டாரு. நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்கிட்டுத்தான் போனாரு.”

“நீ மன்னிக்கலையா?”

“அதில்லக்கா. மன்னிக்கிறது மன்னிக்காததெல்லாம் நான் யோசிக்கவே இல்ல. நான் சொல்ல வந்தது வேற.”

இத்தனை வருஷமும் நாங்கள் கல்யாணத்திலும் கருமாதியிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஒருமுறைகூட அவள் இதைச் சொன்னதில்லை. ஒருமுறைகூட நானும் கேட்டதில்லை. என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சத்துக்கு ஒரு கண் கூசி மூடிக்கொண்டது. வாயைத் திறந்தாள். முதல் எழுத்தில் நின்றது. நான் பேசாமல் இருந்தேன்.

“எ... எனக்குக் கணக்கு வரும் பெரியப்பா. இதத்தான்க்கா.”

சொல்லி முடிக்க அவளுக்கு அப்படியொன்றும் அதிக நேரம் ஆகவில்லை.